தாக்குதலுக்குப் பிறகு நாடு என்ன செய்ய வேண்டும்? எல்லைப்புறத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாளையாருக்கு மேற்கே கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலும், ஆந்திரத்தில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்திலும் இருக்கிற தமிழர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. எங்காவது குண்டு வெடித்தால் தமிழ்ச் சேனல் ஒன்று சொல்லும், மலையாளச் சேனலோ தெலுங்குச் சேனலோ வேறொன்று சொல்லும். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் எல்லை தாண்டிப் போய்வருகிறவர்கள் என்பதால் செக்போஸ்ட் கெடுபிடியும் முதலில் இவர்களுக்குத்தான். டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் திரும்பத் திரும்ப எழுகிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. கொன்றவன் தப்பக் கூடாது. ஆனால் பின்னால் திருத்த முடியாத முடிவு எதையும் ஆத்திரம் அடங்கும் முன்னால் எடுக்கக் கூடாது.

நாடே தாக்கப்பட்டிருக்கும்போது இரண்டு கருத்து எப்படி இருக்க முடியும்?

கண்டிப்பதில் இரண்டு கருத்து கிடையாது. சண்டை வருவது அடுத்த படியில். செய்தது யார், தடுக்க வேண்டியவர்களில் கோட்டை விட்டது யார், பிடிபட்டவர்களை எந்தச் சட்டத்தில் விசாரிப்பது, பின்னால் ஒரு நாடு இருந்தால் அதை என்ன செய்வது என்று நான்கு விஷயங்கள் இருக்கின்றன. நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பேச்சு வீணாகப் போகிறது.

பஹல்காமை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 22 அன்று 26 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாளே சிந்து நதிநீர் ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே 7 அன்று பாகிஸ்தானுக்குள்ளும் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரிலும் ஒன்பது இடங்கள் தாக்கப்பட்டன, மே 10 அன்று மோதல் நின்றது. சுற்றுலாப் பயணிகளைச் சுட்டவர்கள் என்று அரசு அறிவித்த மூவர் கொல்லப்பட்டது ஜூலை 28 அன்றுதான். மே 8 அன்று ஒருவர் "பதிலடி கொடுத்தாச்சு" என்றும் இன்னொருவர் "இன்னும் கொடுக்கல" என்றும் சண்டை போட்டிருந்தால் இருவர் சொன்னதும் சரிதான். ஒருவர் பேசியது நாட்டைப் பற்றி, மற்றவர் பேசியது சுட்டவனைப் பற்றி.

வழக்கை உடனே என்ஐஏவிடம் (தேசியப் புலனாய்வு முகமையிடம்) கொடுக்காத மாநில அரசு எதையோ மறைக்கிறது என்கிறார்களே?

2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தின நாள், கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்து, அதை ஓட்டிவந்தவர் இறந்தார். முதலில் சிலிண்டர் வெடிப்பு என்றே பேச்சு இருந்தது. ஆணியும் கோலிக்குண்டும் கிடைத்த பிறகு வழக்கில் யுஏபிஏ எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் சேர்ந்தது. 27ஆம் தேதி வழக்கு என்ஐஏவுக்குப் போனது. நான்கு நாள் தாமதம் ஏன் என்று ஆளுநரே மேடையில் கேட்டார்.

சட்டம் சொல்லும் நடைமுறையைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். என்ஐஏ சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, பட்டியலிலுள்ள குற்றம் பதிவானதும் காவல் நிலைய அதிகாரி மாநில அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மாநிலம் அதைக் கூடிய விரைவில் மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும். கையில் கிடைத்த 15 நாளுக்குள் மத்திய அரசு முடிவெடுக்கும். மாநிலம் அனுப்பாவிட்டாலும் மத்திய அரசு தானாகவே வழக்கை எடுக்கலாம். அதுவரை உள்ளூர்ப் போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, விசாரணையைத் தொடர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, நான்கு நாள் என்பது சட்ட மீறல் அல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இறந்தவரை முன்பே விசாரித்திருந்தும் அதற்குப் பிறகு கண்காணிப்பு ஏன் தளர்ந்தது? அந்தக் கேள்வி தேதிச் சண்டையில் அமுங்கிப்போனது.

உடனே திருப்பி அடிக்காமல் இருப்பது கோழைத்தனம் இல்லையா?

இந்தியா இதுவரை வெவ்வேறு வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தைத் தாக்கியபோது படையை எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஏறக்குறைய பத்து மாதம் லட்சக்கணக்கான வீரர்கள் அங்கேயே கிடந்தார்கள். போரே நடக்கவில்லை, ஆனால் கண்ணிவெடி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் விபத்துகளிலும் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். படை போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆனதால் எதிராளி சுதாரித்துக்கொண்டான். ராணுவம் பிற்பாடு தன் போர்த்திட்டத்தையே மாற்றிக்கொள்ள இது ஒரு காரணம்.

2008 நவம்பர் 26 மும்பையில் 166 பேர் இறந்தார்கள். அப்போது படை போகவில்லை. உதவி சார் ஆய்வாளர் (ஏஎஸ்ஐ) துக்காராம் ஓம்பளே குண்டுகளை உடலில் வாங்கிக்கொண்டு துப்பாக்கியை விடாமல் பிடித்ததால் கசாப் உயிரோடு சிக்கினான். அவன் வாக்குமூலமும் தொலைபேசிப் பதிவுகளும் சேர்ந்து, 2009 பிப்ரவரியில் சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில்தான் தீட்டப்பட்டது என்று பாகிஸ்தானையே ஒத்துக்கொள்ள வைத்தன. ஆனால் அங்கே நடந்த வழக்கு இழுத்துக்கொண்டே போனது. பொறுமையால் என்ன பலன் என்று கேட்பவர்களின் ஆதங்கம் இதுதான், அது நியாயமான ஆதங்கம்.

2016 செப்டம்பரில் உரி தாக்குதலுக்குப் பிறகு எல்லை தாண்டி ஒரு சிறிய நடவடிக்கை நடந்தது. 2019 பிப்ரவரி 14 புல்வாமாவில் 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் இறந்தபின், 26ஆம் தேதி பாலாகோட்டில் விமானத் தாக்குதல் நடந்தது. மறுநாள் பதற்றத்தில் நம் வான்படையின் ஏவுகணையே பட்காமில் நம்முடைய எம்ஐ-17 ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தியது. வான்படையினர் ஆறு பேரும் தரையில் ஒரு பொதுமகனும் இறந்தார்கள். அவசரத்தில் நடப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடையாது.

2025 மே மோதலில் பூஞ்ச் ஊர்க்காரர்கள் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார்கள். நம் தரப்பிலும் விமான இழப்பு இருந்ததை முப்படைத் தலைமைத் தளபதியே சிங்கப்பூரில் மே 31 அன்று ஒப்புக்கொண்டார். அடிப்பதா வேண்டாமா என்பதோடு விவாதம் முடிந்துவிடக் கூடாது. எதை அடித்தோம், எங்கே நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டித் தீர்மானித்திருக்கிறோமா, எல்லைக் கிராமத்தாரை முதலிலேயே அப்புறப்படுத்தினோமா என்பதையும் அரசிடம் கேட்க வேண்டும். மூன்றாவதைக் கேட்பவர் மிகக் குறைவு. எல்லையில் வாழ்கிற நாமாவது கேட்க வேண்டும்.

சிந்து நதியை அடைத்துவிட்டால் ஒரு குண்டும் போடாமல் வேலை முடிந்துவிடாதா?

சித்தூர்த் தாலுகா விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவு வழியாக வந்து சேர வேண்டும். அது வருவதில் சுணக்கம் ஏற்பட்டாலே நாற்று என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அங்கே ஒரு மாநிலம் நிறுத்த நினைத்தால் அணையும் மதகும் கால்வாயும் ஏற்கெனவே இருக்கின்றன. சிந்துவில் நிலைமை வேறு.

1960 ஒப்பந்தம் சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு நதிகளைப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்குக் கொடுக்கிறது. அவற்றில் இந்தியா கட்டியுள்ள சலால், பக்லிஹார் போன்றவை ஓடும் நீரில் மின்சாரம் எடுப்பவை. வெள்ளக் காலத்து நீரைப் பிடித்துவைக்கும் கொள்ளளவு அவற்றுக்கு இல்லை. ஒப்பந்தமே அனுமதித்த 36 லட்சம் ஏக்கர்-அடி நீர்த் தேக்கத்தைக்கூட நாம் முழுதாகக் கட்டிக்கொள்ளவில்லை. கிஷன்கங்கா மின்திட்டத்தின் வேலை 2007இல் தொடங்கி, திறப்பு விழா 2018இல்தான் நடந்தது. புதிதாகப் பெரிய அணை கட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டுமென்றால் எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடனே செய்ய முடிவது இரண்டு. வெள்ள அளவு பற்றிய தகவல் தருவதை நிறுத்தலாம். வண்டல் வாரவென்று பருவம் தவறி மதகைத் திறந்து மூடலாம். இரண்டும் விதைப்புக் காலத்தில் கீழே இருப்பவனைப் பதறவைக்கும். நெருக்கடி கொடுக்கும் ஆயுதம் என்ற அளவில் இது உண்மை. ஆனால் அந்தப் பதற்றம் துப்பாக்கி தூக்கியவனைச் சேருமா, பாகிஸ்தானின் பஞ்சாப், சிந்து மாகாண விவசாயியைச் சேருமா? இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிரம்மபுத்திராவில் நாம் கீழ்நிலத்தார், மேலே இருப்பது சீனா.

கடுமையான சட்டம் இருந்தால்தானே தீவிரவாதம் அடங்கும்?

கோவையில் 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். தடா என்ற சிறப்புத் தீவிரவாதத் தடுப்புச் சட்டம் 1995இலேயே காலாவதியாகிவிட்டது. சாதாரண குற்றவியல் சட்டத்திலும் வெடிபொருள் சட்டத்திலுமே வழக்கு நடந்து, 2007இல் பெரும்பாலோர் தண்டனை பெற்றார்கள். தண்டிக்கச் சிறப்புச் சட்டம் கட்டாயமில்லை என்பதற்கு இது நம் வாசலிலேயே இருக்கிற சான்று.

அதே வழக்கில் மறுபக்கமும் உண்டு. கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதனி 1998 மார்ச் 31 அன்று கைதாகி, 2007 ஆகஸ்ட் 1 அன்று விடுதலையானார். ஒன்பது ஆண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்தார். இடையில் 2006 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாக, மனிதாபிமான அடிப்படையில் அவரை விடுவிக்கக் கோரித் தீர்மானம் போட்டது. பின்னாளில் பெங்களூரு வழக்கில் அவர் சேர்க்கப்பட்டது தனிக்கதை. கோவையில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அந்தத் தீர்மானம் எப்படிப் பட்டிருக்கும் என்பதையும், குற்றம் நிரூபணமாகாமல் ஒன்பது வருடம் போன மனிதனுக்கு யார் பதில் சொல்வது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பேசுவதுதான் வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறது. ஒன்பது ஆண்டு இழுக்காமல் விசாரணை நடந்திருந்தால் இரு தரப்புக்கும் நீதி சீக்கிரம் கிடைத்திருக்கும்.

தடாவைப் போன்ற இன்னொரு சிறப்புச் சட்டமான பொடாவின் கதை இன்னும் கூர்மையானது. 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்ற வாக்கில் அது நிறைவேறியது. ஆதரித்த கூட்டணியில் மதிமுகவும் இருந்தது. நான்கே மாதத்தில், ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ அதே சட்டத்தில் கைதாகி, வேலூர்ச் சிறையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தார். 2004இல் பொடா ரத்தானது. அதன் பல பிரிவுகள் யுஏபிஏவுக்குள் வந்துவிட்டன.

யுஏபிஏவில் அப்படி என்ன வித்தியாசம்?

மூன்று இடங்களைக் கவனியுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வழக்கமான 90 நாளை, அரசு வழக்கறிஞர் காரணம் சொல்லி அறிக்கை கொடுத்தால் 180 நாள் வரை நீதிமன்றம் நீட்டலாம். போலீஸ் காவல் 30 நாள் வரை. 43-டி(5) பிரிவுப்படி, குற்றச்சாட்டு முதல் பார்வையில் உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் கிடையாது.

நடைமுறையில் குடும்பங்கள் ஏமாறுவது முதல் கணக்கில்தான். கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் அன்றைக்கே மனுப் போட வேண்டும். குற்றப்பத்திரிகை வந்தபிறகு போட்டால் அந்த உரிமை போய்விடும். முதல் ரிமாண்டு தேதியை எழுதி வைத்துக்கொண்டு 85ஆம் நாளிலேயே வக்கீலைப் பாருங்கள்.

விசாரணை முடிவே தெரியாமல் இழுத்தால் 43-டி(5) இருந்தாலும் ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொன்னது. அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்குதான், 2010இல் பேராசிரியர் ஒருவரின் கையை வெட்டிய வழக்கு.

கட்சிகள் இடத்துக்கு இடம் மாற்றிப் பேசுவது ஏன்?

ஆட்சியில் இருக்கும்போது சட்டம் கையில் இருப்பதால். யுஏபிஏவை எதிர்க்கும் இடதுசாரிகள் ஆண்ட கேரளத்தில்தான் 2019 நவம்பரில் கோழிக்கோடு பந்தீராங்காவில் இரண்டு மாணவர்கள் மேல் அந்தச் சட்டம் பாய்ந்தது. ஆந்திரத்தில் 2003 அக்டோபர் 1 அன்று அலிபிரியில் முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் கார்மீது நக்சலைட்டுகள் கண்ணிவெடி வைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த புதிய அரசு அதே அமைப்பினரோடு 2004 அக்டோபரில் ஹைதராபாத்தில் பேச்சு நடத்தியது. ஆயுதத்தைக் கீழே வைப்பதில் உடன்பாடு வராமல் 2005 ஜனவரியில் அது முறிந்தது. பேசியே இருக்கக் கூடாது என்கிறவர்கள் அந்த இடைவெளியில் நக்சலைட்டுகள் பலம் பெற்றார்கள் என்கிறார்கள். பேச்சை ஆதரித்தவர்கள், நக்சலைட்டுகளுக்கு இருந்த மக்கள் ஆதரவைக் கரைத்தது அந்தப் பேச்சுதான் என்கிறார்கள். இதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

சிக்கியவனை அங்கேயே சுட்டுத்தள்ளாமல் எதற்கு கோர்ட்டு, வக்கீல்?

செத்தவன் வாய் திறக்க மாட்டான் என்பதால். புத்தூரில் 2013 அக்டோபர் 5 அன்று தமிழ்நாடு போலீஸும் ஆந்திரத்தின் ஆக்டோபஸ் என்ற தீவிரவாதத் தடுப்புப் படையும் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே பெண்ணும் குழந்தைகளும் இருந்தார்கள். உள்ளே நுழைந்த காவல் ஆய்வாளர் ஒருவர் படுகாயமடைந்தார். அப்படியும் பல மணி நேரம் காத்திருந்து, தேடப்பட்ட இருவரையும் உயிரோடு பிடித்தார்கள். முந்தின நாள் சென்னையில் பிடிபட்ட கூட்டாளி உயிரோடு இருந்ததால்தான் புத்தூர் முகவரியே கிடைத்தது. சக அதிகாரி ரத்த வெள்ளத்தில் கிடக்கும்போதும் நிதானம் தவறாத அந்தப் போலீஸ்காரர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

களியக்காவிளையில் 2020 ஜனவரி 8 இரவு சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளரைச் சுட்டுக் கொன்ற வழக்கும் அப்படித்தான். தேடப்பட்ட இருவரும் ஒரு வாரத்தில் கர்நாடகத்து உடுப்பியில் பிடிபட்டார்கள். அவர்களை வைத்தே எர்ணாகுளம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சாக்கடையிலிருந்து துப்பாக்கி எடுக்கப்பட்டது.

வேறு மாநிலப் போலீஸ் வந்து எங்கள் வீட்டுப் பையனைக் கூட்டிப்போனால்?

குற்றவாளியைத் தேடி எந்த மாநிலத்துக்குள்ளும் போக போலீசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. அதனால்தான் தொலைவிலிருந்து வருகிறவர்கள் உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் டிரான்சிட் ரிமாண்டு வாங்குகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது:

வந்தவர்களின் பெயர், பதவி, எந்த ஸ்டேஷன், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கைது மெமோவில் நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகே சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள். நேரம் காலியாக இருக்கும் மெமோதான் பின்னால் தலைவலியாகும். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். யுஏபிஏ வழக்குக்கும் இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. கைதானவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் சொன்னது. மலையாளமோ தெலுங்கோ படிக்கத் தெரியாத தமிழருக்கு இது பெரிய பிடிமானம். உள்ளூர் ஸ்டேஷனில் தகவல் பதிவாகியிருக்கிறதா என்று கையோடு விசாரியுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

சாட்சியாக மட்டும் அழைத்தால் எழுத்தில் நோட்டீஸ் கேட்கலாம். பெண்களையும், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ள ஆண்களையும் வீட்டிலேயேதான் விசாரிக்க வேண்டும்.

கஞ்சிக்கோட்டில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்கள்மீது சந்தேகம் வந்தால்?

சந்தேகத்துக்கு ஒரு செயல் காரணமாக இருக்க வேண்டும். முகமோ மொழியோ பெயரோ காரணமாக இருக்கக் கூடாது. புல்வாமாவுக்குப் பிறகும் பஹல்காமுக்குப் பிறகும் காஷ்மீர் மாணவர்கள் பல ஊர்களில் அடித்து விரட்டப்பட்டார்கள். பஹல்காமில் பயணிகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டவர் உள்ளூர்க் குதிரைக்காரர் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைக்கவில்லை. விசித்திரமான சரக்கோ நடமாட்டமோ கண்ணில் பட்டால் 112க்குச் சொல்லுங்கள். குரூப்பில் போட்டோ போடாதீர்கள். தவறான ஆளென்றால் அவர் பிழைப்பு போகும், சரியான ஆளென்றால் அவருக்கே எச்சரிக்கை போய்ச் சேரும்.

நேரலை வீடியோவும் அப்படித்தான். மும்பையில் தொலைக்காட்சி நேரலையைப் பார்த்து வெளியிலிருந்தவர்கள் தீவிரவாதிகளுக்கு வழிகாட்டியதை உச்ச நீதிமன்றமே 2012 தீர்ப்பில் கடிந்துகொண்டது. நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது என்று இப்போது கேபிள் டிவி விதி இருக்கிறது.

துக்க நேரத்தில் அரசைக் கேள்வி கேட்பது தேசத்துரோகம் இல்லையா?

இலங்கையைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்னெச்சரிக்கைத் தகவல் வந்தும் அசட்டையாக இருந்தார்கள் என்று குடும்பத்தினரும் திருச்சபையும் விடாமல் கேட்டார்கள். 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாக்குதலின்போது அதிபராக இருந்த மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. கேள்வி கேட்ட அந்தக் குடும்பங்களைத் துரோகிகள் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 14 அன்று படை அனுப்பும் அதிகாரத்துக்கு எதிராக வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவர் மட்டுமே. அந்த அதிகாரத்தில் தொடங்கிய ஆப்கானிஸ்தான் போர் 20 ஆண்டு நீடித்து, 2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் காபூலில் உட்கார்ந்ததோடு முடிந்தது. நார்வேயில் 2011இல் ஒருவன் 77 பேரைக் கொன்றான். புதுச் சட்டம் எதுவும் தேடாமல் சாதாரண நீதிமன்றத்திலேயே அடுத்த ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். சின்ன நாடு, தனி ஆள் என்ற வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. வேகமாக நடந்த விசாரணை மட்டும் நாம் பார்த்துக் கற்க வேண்டியது.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

விவாதத்தில் கடைசியாக வருவதும் பெரும்பாலும் வராமலே போவதும் இதுதான். மத்திய உள்துறையின் திட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கும், 50 சதவீதமோ அதற்கு மேலோ நிரந்தர ஊனமடைந்தவருக்கும் 5 லட்சம் ரூபாய் உண்டு. 2016க்கு முன் இது 3 லட்சமாக இருந்தது. மாவட்ட நிர்வாகம் வழியாகவே பணம் வரும். இது தவிர, மாநிலத்தின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு நிதிக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுப் போடலாம்.

எல்லைப்புறக் குடும்பங்களுக்குச் சிக்கல் வருவது காகிதத்தில். சம்பவம் கோவையில், வீடு பாலக்காடு மாவட்டத்தில் என்றால், முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இறப்புச் சான்றும் அங்கிருந்து வாங்க வேண்டும், வாரிசுச் சான்று இங்கிருந்து. கேரளத்தில் வாரிசுச் சான்றுக்கு அரசிதழ் அறிவிப்பு தேவைப்படுவதால் நாளாகும். ஆகவே காரியம் முடிந்த கையோடு தாலுகா அலுவலகத்தில் அதற்கு மனுக் கொடுத்துவிடுங்கள். ஆந்திரத்தில் தாசில்தாரிடம் குடும்ப உறுப்பினர் சான்று கேட்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரு மொழியில் முன்னெழுத்தும் இன்னொன்றில் குடும்பப் பெயருமாக இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். காயம்பட்டவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே காய விவரச் சான்றின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஊன சதவீதத்தை மருத்துவக் குழு தீர்மானிக்கும்போது அந்த முதல் நாள் பதிவைத்தான் கேட்பார்கள்.